மாண்புமிகு மொத்தம் அவர்கள் சமூகத்துக்கு

அனுப்புநர்:
ஜெகதாப்பட்டினம்,
(மேலிருந்து எத்தனையாவது வரிசை என்று எங்களுக்கே தெரியாது)
கிழக்குக் கடற்கரைச் சாலை, புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாண்புமிகு மொத்தம் அவர்கள்,
கடைசி வரிசை, தடித்த எழுத்து,
அனைத்து அட்டவணைகள்.

பொருள்: வெற்றுக் கட்டம் ஒன்றில் பூஜ்யம் போட்டுத் தர வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

இந்த மனுவை நேரில் வந்து கொடுப்பதுதான் முறை. ஆனால் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமை. எங்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாளும் திங்கட்கிழமை. திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்பது இந்தக் கரையில் நெடுநாள் ஏற்பாடு. போதாததற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று ரேடியோ சொன்னால் கடலுக்குப் போக டோக்கன் கிடையாது. இவ்வளவும் போக மிஞ்சுகிற தொழில் நாளில் ஒன்றைக் குறை சொல்லச் செலவழித்தால், சொல்லவேண்டிய குறைகளில் ஒன்று கூடிவிடும். ஆகவே தபாலில் அனுப்புகிறோம்.

தங்களை நாங்கள் நேரில் கண்டதில்லை. ஆனால் நன்றாக அறிவோம். எந்த அறிக்கையைப் புரட்டினாலும் அடியில், சாம்பல் நிறப் பட்டையின் மேல், தடித்த எழுத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவர் தாங்கள். மேலே ஊர்கள் ஒன்றன் தலையில் ஒன்று ஏறி நெருக்கியடித்து நிற்கும். தங்களுக்கு மட்டும் தனி வரிசை, மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஆய்வுக் கூட்டத்தில் திரையில் வெளிச்சம் விழுந்ததும் எல்லாக் கண்ணும் தங்கள் மேல்தான். "டோட்டல் எவ்வளவு?" என்று கேட்பார்கள். டோட்டல் சொல்லப்படும். தேநீர் வரும். ஜெகதாப்பட்டினம் திரைக்கு மேலே எங்கோ இருக்கும், உருட்டினால் வரும். உருட்டியதாகச் செய்தியில்லை.

தங்கள் குடும்பத்தையும் அறிவோம். தம்பி சராசரி. மைத்துனர் சதவீதம். பச்சை, மஞ்சள், சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு திரையில் ஓடியாடும் பேரப்பிள்ளைகள் வேறு. 2021 டிசம்பரில் முதலமைச்சருக்கே தகவல் பலகை வைத்தாகிவிட்டது. டெல்லியில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பலகை. பலகைக்குப் பலகை தங்கள் வம்சம் தழைக்கிறது. அந்த வம்சம் பந்தியில் உட்கார்ந்து எங்கள் ஊரை எப்படிச் சாப்பிட்டது என்று தெரிவிப்பதே இம்மனுவின் நோக்கம்.

முதலில் தங்கள் கண்பார்வை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022இல் தமிழ்நாட்டில் கரை சேர்ந்த மீன் 7.22 லட்சம் டன், நாட்டிலேயே முதலிடம். 2024இல் 6.79 லட்சம் டன், குஜராத்துக்கு அடுத்த இடம். மிக்க மகிழ்ச்சி. ஆனால் தாங்கள் பார்ப்பது லட்சம் டன்னில், தசமத்துக்குப் பின் இரண்டே இலக்கம். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் ஐந்து லட்சம் கிலோவுக்குக் குறைந்த எதுவும் 0.00 என்றுதான் தெரியும். ராத்திரி முழுக்க மடி இழுத்து, இறாலை ஒரு பக்கம், நண்டை ஒரு பக்கம், கோழித்தீவனத்துக்குப் போகும் சங்காயத்தை ஒரு பக்கம் என்று பிரித்து, ஐஸ் போட்டு, விடியற்காலையில் ஏலத்துக்குக் கொண்டுவந்த பாடு, தங்கள் திருமுன் வந்ததும் ஆவியாகிவிடுகிறது. எங்கள் ஊரிலும் கணக்குப் பார்க்கிறவர்கள் உண்டு. ஒரு கூடை நண்டுக்குக் கமிஷன் கடைக்காரர் கால் கிலோ தள்ளினால் கரையே கூடிச் சண்டை போடும். தாங்கள் ஐந்து லட்சம் கிலோவைத் தள்ளிவிட்டு அதற்கு 'முழுமையாக்கல்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ஒரு ஊரை இல்லாமலாக்குவதற்கு இதைவிட நல்ல பெயர் தமிழில் கிடைக்காது.

இதில் அந்த ஆராய்ச்சி நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டோம். கடற்கரை நெடுகிலும் ஒவ்வொரு படகையும் தினமும் எடை போட ஆள் கிடையாது. ஆகவே கரையைப் பிரித்து, மாதத்தைப் பிரித்து, சில இறங்குதளங்களையும் சில நாள்களையும் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, அன்று வந்த படகுகளில் சிலவற்றைப் பார்த்து, அதிலிருந்து முழுக் கணக்கைப் பெருக்கி எடுக்கிறார்கள். படகு பதினைந்துக்குள் இருந்தால் அத்தனையையும் பார்ப்பார்கள். நாணயமான முறை. அவர்களே அதை 'மதிப்பீடு' என்றுதான் சொல்கிறார்கள். இவ்வளவு ஏறலாம், இவ்வளவு இறங்கலாம் என்று பிழைக்கும் ஓர் எல்லை கட்டுகிற வித்தை அந்த முறையிலேயே உண்டு. ஆனால் அந்த எண் ஒவ்வொரு மேசையாய் ஏறித் தங்களிடம் வருவதற்குள் வழியிலேயே 'மதிப்பீடு' என்ற சொல் இறங்கிக்கொள்கிறது. பிழை எல்லை அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறது. கடைசியில் மேடையில் ஏறும்போது அது மறுக்க முடியாத உண்மையாகி மாலை போட்டுக்கொள்கிறது.

அடுத்து தங்கள் தம்பி சராசரி. தங்கமான பிள்ளை, யாருக்கும் தீங்கு நினைக்கமாட்டார். யாரையும் நினைக்கவே மாட்டார் என்பதுதான் காரணம்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பத்துப் படகு கடலுக்குப் போகிறது. ஒன்பது படகுக்கு டீசல் காசுகூடத் தேறாமல் ஆளுக்கு 10,000 ரூபாய் நட்டம். ஒரே ஒரு படகுக்கு இறால் கூட்டம் அகப்பட்டு 1,90,000 ரூபாய் லாபம். கூட்டிக் கழித்துப் பத்தால் வகுத்தால், படகு ஒன்றுக்குச் சராசரி லாபம் 10,000 ரூபாய். கரையில் ஒன்பது வீட்டில் நகை அடகுக்குப் போகிறது. அறிக்கையில் ஜெகதாப்பட்டினம் பச்சை நிறத்தில் ஒளிர்கிறது. அந்த 10,000 ரூபாய் லாபம் பார்த்த படகு எது என்று கரை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. ஒன்பது படகுக்காரர் நட்டப்பட்டார், ஒருவர் அதிர்ஷ்டப்பட்டார், லாபம் பார்த்தது சராசரி மட்டும். அவர் கடலுக்கே போகவில்லை.

பத்துப் பேரையும் நட்டம் முதல் லாபம் வரை வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்பவன் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் போதும், 10,000 நட்டம் என்ற உண்மை வெளியே வந்துவிடும். இதற்கு இடைநிலை அளவு என்று பெயர். எங்கள் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இதைப் படிக்கிறார்கள். எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கத்தைப் பத்தாம் வகுப்பில் படிக்கிறார்கள், பொதுத்தேர்வில் அதற்குக் கேள்வியும் வருகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாவிட்டால் மதிப்பெண் போகிறது. பெரிய மேசையில் தெரியாவிட்டால் பதவி உயர்வு வருகிறது. அறிக்கை தயாரிக்கும் மென்பொருளில் சராசரி இருக்கும் அதே பட்டியலில் இடைநிலையும் இருக்கிறது. விரல் நகருகிற தூரம். அந்தத் தூரத்தில் ஒன்பது குடும்பம் தெரியும். தெரிந்துவிடும் என்பதற்காகத்தான் விரல் நகருவதில்லையோ என்று சந்தேகிக்கும் அளவுக்கு எங்களுக்கும் வயதாகிவிட்டது.

இனி மைத்துனர் சதவீதம். இவருடைய திறமை வகுக்கும் எண்ணில் இருக்கிறது. 2017 ஜூலையில் ராமேசுவரத்தில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டம் ஒன்று. பாக் நீரிணையின் இழுவைப் படகுகளை எடுத்துவிட்டு, ஆழ்கடலில் சூரை பிடிக்கும் தூண்டில் படகுகள் தருவது. மூன்று ஆண்டில் 2,000 படகு. ஒரு படகு 80 லட்சம். அதில் மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் கையிலிருந்து 8 லட்சம். தாளில் பார்த்தால் சண்டைக்கே வேலையில்லை. எங்கள் படகு எல்லை தாண்டாது, இலங்கைக் கடற்படை நெருங்காது, கடலடி மண்ணும் பிழைக்கும். ஆறு ஆண்டு கழித்தும் தண்ணீரில் இறங்கிய படகு நூறைத் தொடவில்லை. ஆழ்கடல் தொழில் வாரக்கணக்கில் கடலிலேயே கிடக்கும் தொழில். காலையில் போய் மறுநாள் காலை திரும்பிப் பழகியவனுக்கு அது வேறு பிழைப்பு, வேறு கடன், வேறு துறைமுகம். 2,000த்தால் வகுத்தால் மானம் போகும். ஆகவே மைத்துனர் என்ன செய்வார்? விண்ணப்பித்தவர்களால் வகுப்பார். அதுவும் உதைத்தால் தகுதி பெற்றவர்களால் வகுப்பார். அதுவும் உதைத்தால் கட்டத் தொடங்கிய படகுகளால் வகுப்பார். கீழே இருக்கும் எண்ணைச் சுருக்கிக்கொண்டே போனால் எந்தத் தோல்வியும் ஒருநாள் நூறு சதவீதம் ஆகும். ஒரு வகையில் இதுவும் ஆழ்கடல் தொழில்தான்.

இப்போது தாங்களே நேரில் எழுந்தருளியிருக்கும் அட்டவணைக்கு வருகிறோம். பத்திகளின் தலைப்பு: ஆண்டு, கைதான மீனவர், விடுவிக்கப்பட்ட மீனவர். எங்கள் ஊரும் பக்கத்துக் கோட்டைப்பட்டினமும் ராமேசுவரமும் நாகப்பட்டினமும் காரைக்காலும் சேர்ந்து நிரப்பும் அட்டவணை இது. 2023இல் இலங்கைக் கடற்படை பிடித்துப்போனது 240 பேர். 2024இல் 500ஐத் தாண்டியது. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரத்திலோ சில மாதத்திலோ திரும்பிவிடுகிறார்கள். ஆகவே இடப்பக்கத்து மொத்தமும் வலப்பக்கத்து மொத்தமும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். கழித்தால் மீதி சில்லறை. பிரச்சினை தீர்ந்தது. அடுத்த பொருள்.

ஐயா, இந்த அட்டவணையில் இல்லாத பத்திகளைச் சொல்கிறோம். ஒருவன் எத்தனை நாள் உள்ளே இருந்தான் என்பதற்குப் பத்தி இல்லை. நூறு நாள் வேலையில் மண் அள்ளியதற்கு 'மனித நாள்' என்று கணக்கு வைத்த அரசாங்கத்துக்குச் சிறையில் கழிந்த மனித நாளைக் கணக்கு வைக்கத் தெரியாமலா இருக்கும்? திரும்பி வந்தவன் கையில் ஒத்திவைத்த தண்டனையோடு வருகிறான், இரண்டாம் முறை அகப்பட்டால் சிறைதான் என்பதற்குப் பத்தி இல்லை. அவன் விடுதலையானவனா, தவணையில் சிறைப்பட்டவனா?

எல்லாவற்றுக்கும் மேல், படகு. ஆள் விடுதலை என்று தலைப்புச் செய்தி வரும், படகு அங்கேயே நிற்கும். 2022 பிப்ரவரியில் இலங்கை மீன்பிடித் துறை பறிமுதல் படகுகளை ஏலம் விட்டது. காரைநகரில் 65, காங்கேசன்துறையில் 5, கிராஞ்சியில் 24, தலைமன்னாரில் 9, கற்பிட்டியில் 2. கூட்டிப் பாருங்கள், 105. தாங்கள் அங்கேயும் ஆஜர். ஏல அறிவிப்பில் இடம் இருந்தது, தேதி இருந்தது, எண்ணிக்கை இருந்தது. வெயிலிலும் மழையிலும் கிடந்து பலகை இற்றுப்போய் விறகு விலைக்கு வந்த அந்தப் படகுகளுக்குப் பின்னால் இந்தக் கரையில் ஓடிக்கொண்டிருக்கும் வட்டிக்கு எந்த நாட்டு அறிவிப்பிலும் பத்தி இல்லை. பலகைக்கு ஆயுள் முடிந்தாலும் கடனுக்கு முடிவதில்லை.

இறந்தவர்களைக் கேட்கவே வேண்டாம். 2021 ஜனவரி 18 அன்று கோட்டைப்பட்டினத்திலிருந்து போன படகொன்று நெடுந்தீவுப் பக்கம் இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கியது. நான்கு பேர் பிணமாகக் கிடைத்தார்கள். அதில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கைத் தமிழ் அகதி. 'இந்திய மீனவர்' என்ற பத்தியில் அவரைப் போடுவதா, 'இலங்கையர்' என்று போடுவதா? எந்த நாட்டுக் கப்பல் மோதியது, எந்த நாட்டுக் கரையில் அடக்கம் நடந்தது என்று யோசித்தால் நமக்குத் தொண்டை அடைக்கும். மென்பொருளுக்கு அடைக்காது, தேர்வுப் பட்டியலில் ஏதாவது ஒன்றைச் சொடுக்கச் சொல்லும். அதே ஆண்டு அக்டோபரில் கோட்டைப்பட்டினத்து இளைஞர் ஒருவர், அதே மாதிரி மோதலில் இறந்தார். ஒரு வருடத்துக்குள் ஒரே கரையிலிருந்து போன இரண்டு படகு. தங்கள் வரிசையில் அது ஐந்து. ஐந்து என்பது சிறிய எண். சிறிய எண்ணைப் பார்த்துப் பெரிய மேசை கலங்குவதில்லை.

2024 ஆகஸ்ட் 1 அன்று ராமேசுவரத்துப் படகு ஒன்றுக்கும் அதே கதி. ஒருவர் இறந்தார், ஒருவரைக் காணவில்லை. காணாமல்போனவர் இறந்தவர் பத்தியிலும் சேரமாட்டார், மீண்டவர் பத்தியிலும் சேரமாட்டார். அவர் தங்களுக்குள் அடங்காத ஆள். 2017 நவம்பர் ஒக்கிப் புயலில் குமரிக் கரை இதை ஊரளவில் அனுபவித்தது. அரசு ஓர் எண் சொன்னது, தேவாலயங்கள் வீடு வீடாக எண்ணி வேறொரு எண் சொன்னன, வாரக்கணக்கில் எண் மாறிக்கொண்டே இருந்தது. தாங்கள் அன்றும் கூசவில்லை. மாறிய ஒவ்வொரு எண்ணுக்கும் அதே தடித்த எழுத்தில், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறோம். எங்கள் கண்ணீரை மட்டும் எழுதி முடித்தால் நாங்களும் தங்கள் வம்சத்தில் சேர்ந்தவர்களாகிவிடுவோம். அக்கரையிலும் ஓர் அட்டவணை உண்டு. அறுந்த வலை, இழந்த இரவு, வெறுங்கையோடு திரும்பிய படகு. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் முப்பது வருடப் போரைத் தின்று முடித்துக் கடலுக்குத் திரும்பிய தமிழ் மீனவன் வீட்டுக் கணக்கு அது. அந்த அட்டவணையில் எங்கள் இழுவைப் படகு நிற்பது சேதம் என்ற பத்தியில்தான். இழுவை மடி கடலடியைத் துடைத்து எடுக்கும். இலங்கை 2017இல் அதைச் சட்டம் போட்டே தடுத்தது. இந்தப் பக்கத்து அறிக்கை 'கைது' என்று எழுதுகிறது. அந்தப் பக்கத்து அறிக்கை 'அத்துமீறல்' என்று எழுதுகிறது. இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் கூட்ட எந்தத் துறைக்கும் மனமில்லை. இரண்டு தலைநகரிலும் தாங்கள் சுகமாக வீற்றிருக்க, நடுக் கடலில் தமிழனும் தமிழனும் ஒருவன் வலையை ஒருவன் அறுத்துக்கொண்டிருக்கிறோம்.

இனிதான் மனுவின் பொருளுக்கு வருகிறோம். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம், இதில் தங்கள் தம்பி கையும் களவுமாகப் பிடிபடுகிறார்.

எக்செல் ஆகட்டும், பவர் பிஐ ஆகட்டும், சராசரி போடச் சொன்னால் ஒரு வழக்கம் வைத்திருக்கின்றன. கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் அதையும் ஒரு ஆளாக எண்ணி வகுக்கும். கட்டம் வெறுமையாக இருந்தால் அப்படி ஓர் ஆளே இல்லை என்று தாண்டிப் போய்விடும். மென்பொருளின் மேல் தவறில்லை. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடுவது அதன் நேர்மை. வெற்றுக் கட்டத்தை யார் விட்டார்கள் என்பதுதான் கேள்வி.

மறுபடியும் ஒரு கணக்கு. பத்துப் படகு, ஆளுக்கு 100 கிலோ மீன். மொத்தம் 1,000, சராசரி 100. அடுத்த வாரம் நான்கு படகைப் பிடித்துப்போய்விட்டார்கள். மிஞ்சிய ஆறும் போட்டி குறைந்ததால் ஆளுக்கு 120 கிலோ கொண்டுவருகின்றன. பிடிபட்ட படகுகளின் கட்டத்தில் எழுத மீன் இல்லையே என்று கணினிக்காரப் பிள்ளை வெறுமையாக விடுகிறது. சராசரி என்ன? 120. போன வாரத்தைவிட 20 சதவீதம் வளர்ச்சி! பச்சை அம்புக்குறி மேல்நோக்கிப் பாய்கிறது. தாங்கள் 720 ஆக இளைத்திருப்பீர்கள், உண்மைதான். ஆனால் பக்கத்துத் துறைமுகத்து மீன்பாட்டில் அந்த இளைப்பு மறைந்துவிடும். அதே நான்கு கட்டத்தில் பூஜ்யம் போட்டிருந்தால்? 720ஐப் பத்தால் வகுக்க, 72. வளர்ச்சி இல்லை, 28 சதவீத வீழ்ச்சி.

120க்கும் 72க்கும் நடுவில் நான்கு படகு இருக்கிறது ஐயா. நான்கு படகு என்றால் படகை ஓட்டும் ஸ்ராங்கும் ஆளுமாக இருபது பேரின் குடும்பம், ஐஸ் போட்டவர், வலை பின்னியவர், கூடை தூக்கிய பெண்கள். அவர்கள் ஒழிந்ததால் அறிக்கை அழகாகிவிட்டது. கெட்டுப்போனவனைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சியவர்களின் சராசரி உயரும் என்பது இந்தக் கரைக்கு மட்டும் உள்ள விதி அல்ல. படிப்பை நிறுத்திய பிள்ளையைப் பதிவேட்டிலிருந்து நீக்கினால் பள்ளியின் தேர்ச்சி உயரும். வேலை தேடி அலுத்து வீட்டில் உட்கார்ந்தவனை வேலை தேடாதவன் என்று எழுதினால் வேலையின்மை குறையும். 2018 நவம்பர் 16 கஜாப் புயலுக்குப் பின் எங்கள் கரையில் உடைந்து கிடந்த படகைப் பார்த்து 'பகுதிச் சேதம்' என்று எழுதிய கை, எந்தப் பகுதி மிதக்கும் என்று சொல்லாமல் போனது. நாட்டை முன்னேற்றுவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பின்தங்கியவனைத் தூக்கிவிடுவது. மற்றது, அவனுடைய கட்டத்தை அழித்துவிடுவது. இரண்டாவதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

2025 நவம்பரில் கடல் மீனவர் கணக்கெடுப்பு தொடங்கியது. பதின்மூன்று மாநில, ஒன்றியப் பகுதிக் கரைகளில் 12 லட்சம் குடும்பம். காகிதம் இல்லை, எல்லாம் கைபேசிச் செயலி. பெயர் வியாஸ்-பாரத். நல்ல பெயர். வியாசர் சொல்ல விநாயகர் எழுதினார், இங்கே நாங்கள் சொல்லச் செயலி எழுதிக்கொள்கிறது. ஆனால் அந்தப் பழைய வியாசர் செத்தவனையும் விட்டுவைக்கவில்லை. போர் முடிந்த களத்தில் பெண்கள் வந்து ஒவ்வொரு உடலாய்த் தேடி அழுவதற்கென்றே ஒரு பர்வம் வைத்தார். பதினெட்டு அக்குரோணி என்று ஒரே வரியில் மொத்தம் போட்டுவிட்டு அவரும் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அதனால்தான் அவரைப் படிக்கிறோம், தங்களைக் கடந்துபோகிறோம்.

எங்கள் கரைப் பெண்களும் கணக்கு எடுப்பவர்கள்தான். விடியற்காலை படகு திரும்பும் நேரம், துறைமுகத்துச் சுவரோரம் நின்று தூரத்து விளக்கை எண்ணுவார்கள். பத்துப் போனது, ஒன்பது வந்தது என்றால் 'தொண்ணூறு சதவீதம்' என்று யாரும் வீட்டுக்குப் போவதில்லை. "வராதது யாருது?" என்று கேட்பார்கள். புள்ளியியலில் இதைவிடச் சரியான கேள்வி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. தங்கள் அட்டவணைக்கு அதைக் கேட்கத் தெரியாது, ஏனென்றால் வந்தது மட்டும்தான் அதன் கண்ணில் படுகிறது.

ஆகவே தாழ்மையோடு, ஆனால் தலை குனியாமல், கீழ்க்கண்டவற்றைக் கோருகிறோம்:

1. தம்பி சராசரி தனியாக வெளியே வரக்கூடாது. பக்கத்தில் இடைநிலையும், மிகக் குறைந்ததும் மிகக் கூடியதும் கைபிடித்து வரவேண்டும்.

2. மைத்துனர் சதவீதம் வாயைத் திறக்கும்போதெல்லாம் எத்தனையில் எத்தனை என்று சேர்த்துச் சொல்லவேண்டும். வகுக்கும் எண்ணை மாற்றினால், மாற்றிய நாளையும் காரணத்தையும் அடியிலேயே எழுதவேண்டும்.

3. மதிப்பீடு என்றால் மதிப்பீடு என்றே மேடை வரைக்கும் வரவேண்டும்.

4. கைது அட்டவணையில் ஆள், நாள், படகு மூன்றும் இருக்கவேண்டும். படகு திரும்பாதவரை 'விடுவிப்பு' என்று முழுமையாக எழுதக்கூடாது.

5. காணாமல்போனவருக்குத் தனி வரிசை. அவர் கிடைக்கும்வரை அந்த அட்டவணையில் தங்களுக்கு இடம் கிடையாது.

6. பறிமுதலான படகின் கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது. பூஜ்யம் போடவேண்டும்.

ஆறாவதுதான் எங்கள் உயிர்க் கோரிக்கை. வெற்றுக் கட்டம் என்றால் இங்கே வரவேண்டியது எதுவுமே இல்லை என்று பொருள். பூஜ்யம் என்றால் வரவேண்டியது வரவில்லை என்று பொருள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கரையில் எங்கள் வாழ்க்கை.

படகைத் திருப்பித் தருவார்களா, கடனைத் தள்ளுவார்களா, இரண்டு கரையையும் ஒரே மேசையில் உட்காரவைப்பார்களா என்பதெல்லாம் பெரிய இடத்து விவகாரம். அதற்கு எழுதிய மனுக்கள் தனிக் கட்டாக அலுவலகங்களில் கிடக்கின்றன, அவற்றுக்கும் ஒரு மொத்தம் இருக்கும். இந்த மனுவில் கேட்பது ஒரு பூஜ்யம் மட்டும். ஒப்பந்தம் வேண்டாம், தூதரகம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். விசைப்பலகையில் ஒரே ஒரு தட்டு.

போட்டுவிடுங்கள் ஐயா. சராசரி இறங்கட்டும்.

இப்படிக்கு,
ஜெகதாப்பட்டினம்.